மூன்று வாரம் இருந்தும் கடைசி இரண்டு ராத்திரியில்தான் வேலை நடக்கிறது

கேள்வி: மாதாமாதம் ஓர் அறிக்கை எழுதித் தருவது என் வேலை. மூன்று வாரம் அவகாசம் உண்டு. ஆனால் ஃபைலைத் திறப்பேன், மூடுவேன், மெயில் பார்ப்பேன், மேசையைத் துடைப்பேன். கடைசி இரண்டு ராத்திரி கண்விழித்து எப்படியோ முடித்துவிடுகிறேன். அட்டவணை போட்டுப் பார்த்தேன். நாலு நாள்கூடத் தாங்கவில்லை. உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போகிறது. நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறி மேசையைத் துடைக்க மாட்டார். நீங்கள் ஒதுங்குவது அந்த ஒரு ஃபைலிடமிருந்து மட்டும்தான். அதைத் திறந்ததும் ஒரு சங்கடம் வருகிறது: எங்கே தொடங்குவது என்ற குழப்பம், சரியாக வருமா என்ற பயம், சில நாள் வெறும் சலிப்பு. மூடியதும் நிம்மதி. அந்த நிம்மதிதான் மறுநாளும் மூட வைக்கிறது. தள்ளிப்போடுவது அப்போதைக்கு மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் வழி என்று சிரோய்ஸ், பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் விளக்கினார்கள். உங்கள் அட்டவணை நேரத்தைப் பங்கு போட்டதே தவிர, சங்கடத்தைத் தொடவில்லை.

அப்படியானால் கடைசி ராத்திரி மட்டும் எப்படி எழுத வருகிறது? பயம் ஒரு காரணம். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. 'ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தால் சரி' என்று அன்றைக்கு நீங்களே தரத்தைப் பற்றிய எதிர்பார்ப்பை இறக்கிவிடுகிறீர்கள். அந்த இறக்கத்தை முதல் நாளே செய்யுங்கள்.

புது ஃபைல் ஒன்று திறந்து 'குப்பை வரைவு' என்று பெயர் வையுங்கள். பெயர் முக்கியம், 'இறுதி அறிக்கை' என்று வைத்தால் கை நடுங்கும். பகுதித் தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பேச்சு வழக்கிலேயே இரண்டு மூன்று வரி போடுங்கள். புள்ளிவிவரம் தெரியாத இடத்தில் இரண்டு கேள்விக்குறி மட்டும் போட்டு மேலே போங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: ஓர் எண்ணைத் தேடி இணையத்துக்குப் போகிறார்கள், அரை மணி நேரம் கழித்து வேறெங்கோ நிற்கிறார்கள். எழுதியதைத் திருத்துவதும் அன்றைக்கு வேண்டாம்.

எழுந்திருக்கும் முன் ஃபைலின் தலையில் நாளைய முதல் வேலையை எழுதி வையுங்கள். 'அறிக்கையைத் தொடர வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. 'இரண்டாம் பகுதி அட்டவணையில் மூன்றாவது வரிசை ஏன் குறைந்தது என்று நாலு வரி' என்று, படித்ததும் கை வைக்கக்கூடிய அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். கூடவே எப்போது என்பதையும் கட்டிவிடுங்கள்: 'காலையில் கணினியைப் போட்டதும், மெயிலுக்கு முன், இந்த வரியைச் செய்வேன்.' இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரியவந்தது இது.

அடுத்து, அந்தப் பத்து நிமிடம். 25 நிமிட வேலை, 5 நிமிட இடைவேளை, நாலு சுற்றுக்குப் பிறகு நீண்ட ஓய்வு என்ற பொமொடோரோ முறையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980-களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கியது. 25 என்பது சட்டமில்லை. பத்தில் உடைகிறதென்றால் 12-இல் தொடங்கி, சில நாளுக்கொருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். மணி அடிக்கும்போது எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தவும் வேண்டாம். இடைவேளையில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், போனைத் தொடாதீர்கள். அதில் ஐந்து நிமிடத்தில் முடிகிற எதுவும் கிடையாது.

போன் வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைப்பது போதாது. எடுக்க எழுந்து நடக்க வேண்டியிருந்தால், பாதி வழியிலாவது எதற்கு எழுந்தோம் என்று தோன்றும். கை எந்த வரியில் போனைத் தேடுகிறது என்றும் பாருங்கள். அநேகமாக அது எழுதக் கடினமான வரியாக இருக்கும். அங்கேயும் கேள்விக்குறி போட்டுத் தாண்டலாம். நடுவில் 'பில் கட்டணும், அவருக்குப் பேசணும்' என்று நினைவு வந்தால், பக்கத்தில் ஒரு தாள் வைத்து, எப்போது செய்வது என்பதோடு குறித்துவிடுங்கள். எழுதிவிட்டால் அது மறுபடி மறுபடி வந்து தட்டுவது குறையும்.

காலக் கணக்கிலும் ஓட்டை இருக்கும். 1994-இல் உளவியலாளர் ரோஜர் பியூலர் குழுவினர் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள், ஆனது 55 நாள். அதனால் உங்கள் மதிப்பீட்டை ஒன்றரையால் பெருக்குங்கள். நடுவில் இரண்டு கெடுவும் வேண்டும்: 7-ஆம் நாள் குப்பை வரைவு, 14-ஆம் நாள் எண்கள் நிரப்பிய வரைவு. அவற்றை நீங்களே வைத்துக்கொண்டால் நீங்களே நீட்டித்தும் கொள்வீர்கள். மேலதிகாரியிடமோ உடன் வேலை செய்பவரிடமோ சொல்லி, அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயல வேண்டாம். சுமை கூடினால் சங்கடமும் கூடும். திட்டிக்கொள்வதும் உதவாது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இந்த அறிக்கையில் மட்டுமல்லாமல், சிறு வயது முதலே எல்லாவற்றிலும் கவனம் சிதறுகிறதா? பொருள்களைத் தொலைப்பது, எதிரில் பேசுபவரின் பேச்சு பாதியில் நழுவுவது, பிடித்த வேலையைக்கூட முடிக்க முடியாமல் போவது என்றெல்லாம் இருந்தால் ADHD எனப்படும் கவனக்குறைபாடாக இருக்கலாம். சில மாதங்களாகத்தான் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. மேலே சொன்னவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.