வாடிக்கையாளரிடம் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்கினால், அது முழுவதும் இந்த ஆண்டு வருமானமா?

இல்லை. ஜனவரி 1 அன்று உங்கள் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தாவாக வரி நீங்கலாக ரூ.1,20,000 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.10,000 வீதம், நிதியாண்டு முடியும் மார்ச் 31 வரை ரூ.30,000 மட்டுமே வருமானம். மீதி ரூ.90,000 பொறுப்புக் கணக்கில், அதாவது நீங்கள் இன்னும் தீர்க்க வேண்டிய கடமையாக நிற்கும். அந்தச் சேவையை நீங்கள் இன்னும் தரவில்லையே!

ஜிஎஸ்டி இப்படிக் காத்திருக்காது. 18 சதவீதம், அதாவது ரூ.21,600 முழுவதையும் ஜனவரி மாதக் கணக்கிலேயே காட்ட வேண்டும். உள்ளீட்டு வரி (தொழிலுக்காக நீங்கள் வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டி) போக மீதியை, மாதந்தோறும் தாக்கல் செய்பவர் பிப்ரவரி 20-க்குள் கட்டியாக வேண்டும். பல இளம் நிறுவனங்கள் தடுமாறுவது இங்கேதான்: வங்கி இருப்பை லாபம் என்று நம்பி ஆள் எடுத்துவிடுகிறார்கள். தணிக்கையாளரை ஆண்டு முடிவில் மட்டும் பார்க்காமல் மாதந்தோறும் கலந்து பேசுங்கள்.