பாவு பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள ஐயா,

சென்னிமலைத் தறிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த நாளிலிருந்து எனக்கும் நெய்து பார்க்கும் ஆசை. திருச்சியில் வங்கி வேலை, வயது 46. மேசை மேல் வைத்து நெய்யும் 16 அங்குலச் சிறு தறி ஒன்றை வாங்கினேன். வீடு அடங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், காணொளிகளைப் பார்த்துத் தனியாகக் கற்றுக்கொள்கிறேன். முதல் துண்டின் படத்தை இணைத்திருக்கிறேன். 12 அங்குல அகலத்தில் தொடங்கியது, முடிக்கும்போது எட்டரை அங்குலமாகிவிட்டது. ஓரத்து இழை நான்கு முறை அறுந்தது. நடுவில் சில இழைகள் தொய்ந்து கிடக்கின்றன.

என்னோடு இருக்கும் அப்பா, "துண்டு கடையில் கிடைக்காதா, எதற்கம்மா கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய்?" என்கிறார். நெசவுக் குடும்பத்தில் பிறந்த அலுவலகத் தோழி ஒருத்தி, "இது பொம்மைத் தறி. நெசவெல்லாம் பிறந்ததிலிருந்தே கையோடு வர வேண்டும்" என்றாள். அவள் சொல்வது சரிதானா? நான் நிறுத்திவிடலாமா?

க.

*

அன்புள்ள க.,

நிறுத்த வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். அந்தத் துண்டில் உங்கள் விரல்களின் குறை என்று சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை.

முதலில் அகலம். தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூல் பாவுக்குள் நேர்கோடாகப் போவதில்லை. ஓர் இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று ஏறி இறங்கிப் போகிறது. ஆகவே 12 அங்குலத் துணிக்குள் ஓட 12 அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நூல் வேண்டும். நீங்களோ கரை அழகாக நிற்க வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் நூலைச் சுண்டி இழுத்திருக்கிறீர்கள். ஏறி இறங்க நூல் போதாமல் துணி தன் இரு கரைகளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இனி ஊடையைக் கரையில் மெல்லத் தொட்டு நிறுத்தி, மறுபக்கம் மேலேறும் சாய்வாகவோ, நடுவில் வில் போல் வளைத்தோ விட்டுவிட்டு, அதன் பிறகு பாவு இழைகள் கோத்த பலகையால் தட்டுங்கள். கூடுதல் நூல் தானாக இழைகளுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். 12 அங்குலம் 11 ஆகக் குறைந்தால் கவலைப்பட வேண்டாம், அது இயல்பு.

ஓரத்து இழை அறுந்ததும் இதன் தொடர்ச்சிதான். பலகையில் 12 அங்குலத்துக்குப் பரந்து நிற்கும் பாவு, நெய்த இடத்தில் எட்டரைக்கு ஒடுங்கும்போது ஓர இழைகள் சாய்ந்து இழுபடுகின்றன. தட்டும்போதெல்லாம் பலகையின் பிளவில் உராய்ந்து உராய்ந்து நைந்து போகின்றன. அகலம் நின்றால் இழையும் நிற்கும்.

நூலைப் பற்றி ஒரு சொல். ஒற்றைப் புரி நூலை, அதாவது ஒரே இழையாக முறுக்கிய நூலை, பாவுக்கு எடுக்காதீர்கள். தொழில் நெசவாளர்கள் அதற்குக் கஞ்சி போட்டு உரமேற்றித்தான் தறிக்குக் கொண்டுவருவார்கள். உங்களுக்கு இரட்டைப் புரிப் பருத்தி நூல் போதும். ஓர் அளவுகோலின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அதில் பாதிதான் சாதாரண நெசவுக்கு அங்குலத்துக்கான பாவு இழை. 20 சுற்று வந்தால் 10 இழை.

நடுவில் தொய்ந்து கிடக்கும் இழைகளுக்கு வருகிறேன். நான் உண்மையில் உங்களிடம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

அங்குலத்துக்கு 10 இழை என்றால் 12 அங்குலத்துக்கு 120 இழை. ஒன்றரை மீட்டர் துண்டுக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் வீணாவதையும் சேர்த்து ஒவ்வொரு இழையும் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த 120 இழைகளும் ஒரே இறுக்கத்தில், பாவைச் சுற்றிவைக்கும் உருளையில் ஏற வேண்டும். இதை இரவு பத்து மணிக்கு, ஒரு கையால் உருளையைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் பாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தனியாகச் செய்திருக்கிறீர்கள். யார் செய்தாலும் தொய்யத்தான் செய்யும்.

முப்பது வருடங்களுக்கு முன், ஈரோட்டில் வேலை பார்த்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னிமலைக்குப் போய் ஒரு பெரியவரிடம் நெசவு கற்றேன். முதல் நான்கு வாரம் என்னைத் தறியில் உட்காரவே விடவில்லை. தார் சுற்றச் சொன்னார், அதாவது ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றச் சொன்னார். பிறகு பாவு பிடிக்கச் சொன்னார். பாவின் ஒரு முனையில் அவருடைய மருமகள், மறுமுனையில் நான், நடுவே குனிந்து இழைகளைச் சீராக்கிக்கொண்டே வரும் அவர் மனைவி. பெரியவர் கண்ணால் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வைப்பது போல உள்ளங்கையைப் பாவின் மேல் வைத்து, அப்படியே ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நகர்த்துவார். ஓரிடத்தில் கை நிற்கும். "இங்கே ரெண்டு இழை தூங்குது" என்பார். சரியாக இரண்டு இருக்கும்.

சேலத்தில் பாவடி என்ற பெயரில் இன்றும் பள்ளிகள் இருக்கின்றன. தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் காயவைத்த இடத்துக்குப் பாவடி என்று பெயர். அது ஒருவரால் ஆகிற வேலையா? சிட்டம் என்னும் நூல் கற்றையைப் பிரிக்க ஒருவர், தார் சுற்ற ஒருவர், அறுந்த இழையைப் பிணைக்க ஒருவர் என்று வீடே தறியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். துணியில் கடைசியாகத் தெரிவது தறியில் உட்கார்ந்தவரின் கைவண்ணம் மட்டும். உங்கள் தோழி "பிறந்ததிலிருந்து கையோடு வர வேண்டும்" என்று சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவளுக்குக் குழந்தையிலிருந்தே பக்கத்தில் நாலு கைகள் இருந்தன. உங்களுக்குக் காணொளி இருக்கிறது. காணொளி எல்லாவற்றையும் காட்டும், பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளாது.

பொம்மைத் தறி என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நாகாலாந்துப் பெண்கள் தறியின் ஒரு முனையைச் சுவரிலோ கம்பத்திலோ கட்டி, மறுமுனையை வாரால் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் நெகிழும். அந்தத் தறியில் அகலமான துணி வராது. குறுகலாக நெய்த பட்டைகளைச் சேர்த்துத் தைத்துத்தான் அவர்களுடைய பெயர்பெற்ற சால்வைகள் உருவாகின்றன. சில கோல்களும் ஒரு வாரும் ஓர் உடம்பும் சேர்ந்தால் தறி. உங்களிடம் இருப்பது அதைவிட வசதியானது.

பரம்பரையில் வராதவர்கள் கற்ற கதையும் நம்மிடம் உண்டு. கைராட்டையையும் கைத்தறியையும் நாட்டின் வறுமைக்கு மருந்தென்று எழுதியபோது தாம் அவற்றைப் பார்த்ததாகவே நினைவில்லை என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதுகிறார். ஆசிரமத்தில் தறிகளை வாங்கிப் போட்ட பிறகுதான் தங்களில் ஒருவர்கூடக் கைவினைஞர் இல்லை என்பது உறைத்திருக்கிறது. பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாளரை அழைத்துவந்தார்கள். அவர் தொழிலை முழுதாகச் சொல்லித் தரவில்லை. ஆசிரமத்தில் இருந்த காந்தியின் உறவினர் மகன்லால் காந்தி விடவில்லை. தாமே முயன்று முழுமையாகக் கற்றார், அவருக்குப் பின் ஒருவர் பின் ஒருவராகப் பலர் அங்கே நெசவாளர்களாயினர். எனக்கு அந்தப் பக்கங்களில் மிகவும் பிடித்த இடம் இது. பிடிவாதக்காரர் ஒருவர் இருந்தார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அவரைச் சுற்றி ஒரு ஆசிரமம் நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்பதற்காகவும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்பா இருக்கிறார்.

அடுத்த பாவை இரவில் போடாதீர்கள். ஞாயிறு காலை, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, தறியை மேசையின் ஓரத்தில் அசையாமல் பிணைத்துவிட்டு, பாவு நீளத்துக்குத் தள்ளி ஒரு நாற்காலியில் அப்பாவை உட்காரவையுங்கள். 120 இழைகளையும் இரண்டு பிரிவாக்கி இரண்டு கையிலும் கொடுங்கள். நீங்கள் உருளையைத் திருப்பத் திருப்ப அவர் விட்டுக்கொடுக்காமல், இழுத்தும் பிடிக்காமல் நூலை வரவிட வேண்டும். பட்டம் விட்டவர்களுக்கு இது சொல்லாமலே வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கெட்டியான காகிதம் ஒன்றை வையுங்கள், இல்லாவிட்டால் மேல்சுற்று இழைகள் கீழ்சுற்றுக்குள் புதைந்து மறுபடி தொய்யும். முன்பக்கம் கட்டும்போது நடுவிலிருந்து தொடங்கிப் பத்துப் பத்து இழையாக இரு கரைக்கும் போங்கள். கட்டி முடித்ததும் கண்களை மூடிக்கொண்டு உள்ளங்கையைப் பாவின் மேல் ஓட்டுங்கள். பிறகு அப்பாவையும் ஒருமுறை கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கும் இழையை அவர் முதலில் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.