சின்ன ரீஃப் தொட்டிக்கு எந்த ஸ்கிம்மர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) 60 லிட்டர். இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம். ஸ்கிம்மர் கட்டாயமா?

பதில்: இல்லை. ஸ்கிம்மர் என்பது தண்ணீருக்குள் காற்றுக் குமிழிகளை விட்டு, கழிவை நுரையாக்கி, கழுத்து வழியே ஏற்றி மேலே உள்ள கப்பில் சேர்க்கும் கருவி. வாரம் தவறாமல் 10 முதல் 15 சதவீதத் தண்ணீரை மாற்றினால் போதும். உங்கள் தொட்டிக்கு அது ஆறு முதல் ஒன்பது லிட்டர்தான். ஸ்கிம்மருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு ரெஃப்ராக்டோமீட்டரும் (உப்பின் அளவைக் காட்டும் கருவி) ஆட்டோ டாப்-அப்பும் (ஆவியான தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி) வாங்குங்கள். சின்னத் தொட்டியில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறுவதுதான் பவளத்துக்குப் பெரிய ஆபத்து. மீன் எண்ணிக்கை கூடும்போது ஸ்கிம்மரைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: என்னுடையது 120 லிட்டர். பெட்டியில் ‘600 லிட்டர் வரை’ என்று போட்ட மாடலையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமக் கழிவு குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு ஏறினால்தான் நுரை நிலைத்து நிற்கும். கழிவு குறைவாக இருந்து கழுத்து அகலமாக இருந்தால் நுரை பாதி வழியிலேயே உடைந்துவிடும், கப் காலியாகவே இருக்கும். பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் மீன் குறைவான தொட்டிக்கானது. அதனால் உங்கள் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை பாருங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். விலை அதிகமென்றால் எல்லாக் கழிவையும் எடுத்துவிடும் என்றும் மயங்க வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட சோதனைகளில், ஸ்கிம்மர்கள் தண்ணீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் நீக்கின. மீதிக்குத் தண்ணீர் மாற்றுவதும் ஆக்டிவேட்டட் கார்பனும் (கழிவை உறிஞ்சும் கரி) தான் வழி.

கேள்வி: ஒரு நாள் கப்பில் ஒன்றுமே இல்லை, மறுநாள் வழிந்து தரையெல்லாம் தண்ணீர். ஸ்கிம்மர் பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. முதலில் சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சம்ப்பில் வைக்கும் பல மாடல்களுக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழம் வேண்டும், அதுவும் மாறாமல் இருக்க வேண்டும். ஆவியாகி இரண்டு செ.மீ. இறங்கினாலே நுரை கழுத்துக்கு வராது. நீங்கள் மொத்தமாக ஊற்றி நிரப்பியதும் பொங்கிவிடும். சம்ப்புக்குள் தடுப்பு வைத்து, மட்டம் மாறாத பிரிவில் ஸ்கிம்மரை வையுங்கள். ஆழம் அதிகமென்றால் அடியில் ஒரு ஸ்டாண்ட் கொடுங்கள்.

கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் ஏறும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் வழிவது அதனால்தான். மெயின் பம்ப் ஓடி மட்டம் இறங்கிய பிறகு ஸ்கிம்மரைப் போடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள தீனியும் கையில் பூசிய க்ரீமும் நுரையைச் சில மணி நேரம் அடக்கிவிடும். குளோரின் நீக்கும் மருந்து சிலது நேர்மாறாகப் பொங்க வைக்கும். புது ஸ்கிம்மர் என்றால் வினிகர் கலந்த தண்ணீரில் ஓட்டிக் கழுவிவிட்டு ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். அதுவரை நுரையின் உயரத்தை மாற்றும் வால்வைத் தினம் ஒருமுறை திருகிக்கொண்டிருந்தால் எது சரியான அளவு என்றே தெரியாமல் போகும்.

கேள்வி: சம்ப் இல்லை. என்ன வாங்கலாம்?

பதில்: பின்புறம் தொங்கவிடும் வகை. மேற்பரப்பிலிருந்து தண்ணீர் இழுக்கும் மாடலாகப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் சேர்வது அங்கேதான். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் இடத்தையும், கப்பைத் தூக்கி எடுக்க மேலே இருக்கும் உயரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஸ்கிம்மர் போட்டும் நைட்ரேட் லிட்டருக்கு 40 மி.கிராமிலேயே நிற்கிறதே?

பதில்: கழிவு அழுகி உருவாகிவிட்ட நைட்ரேட்டை ஸ்கிம்மர் எடுக்காது. அழுகுவதற்கு முன்னாலேயே கழிவை வெளியேற்றுவதுதான் அதன் வேலை. தீனியைக் குறைத்து, தண்ணீர் மாற்றுவதைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஏசி அறையில் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.8-ஐத் தாண்டுவதில்லை. ஏன்?

பதில்: மூடிய அறையில் நாம் விடும் கார்பன் டை ஆக்சைடையே ஸ்கிம்மர் தண்ணீருக்குள் இழுக்கிறது, அது பிஎச்சை இறக்கும். காற்றுக் குழாயோடு நீளமான ட்யூபை இணைத்து ஜன்னலுக்கு வெளியே விட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பிஎச் ஏறும். ட்யூபின் முனை பால்கனியில் கொசு மருந்து அடிக்கும் பக்கம் இருக்கக் கூடாது. அந்த மருந்து கொஞ்சம் உள்ளே போனாலும் இறால் பிழைக்காது.