பூசணிப் பைக்கான (pumpkin pie: பூசணி விழுதை மாவு ஓட்டில் நிரப்பிச் சுடும் இனிப்பு) மசாலாவை வீட்டிலேயே கலக்க முடியுமா?

தாராளமாக முடியும். அமெரிக்கக் கடைகளில் ‘பம்ப்கின் பை ஸ்பைஸ்’ என்று விற்கும் பொடியில் பூசணி துளியும் கிடையாது. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, பெரும்பாலும் ஆல்ஸ்பைஸ் (மிளகு போலிருக்கும் ஓர் உலர்ந்த காய்), அவ்வளவுதான்.

3 மேசைக்கரண்டி பட்டைத்தூளுக்கு சுக்குப்பொடியும் ஜாதிக்காய்த்தூளும் தலா 2 தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் 1½ தேக்கரண்டி. கிராம்பையும் 1½ என்பார்கள். என்னைக் கேட்டால் 1 போதும். கிராம்பிலுள்ள யூஜினால் என்ற மணப்பொருள் நாக்கை மரத்துப்போகச் செய்து மற்ற மணங்களை அமுக்கிவிடும்.

ஜாதிக்காயை மட்டும் தயவுசெய்து முழுதாக வாங்கி, கலக்கும்போது துருவுங்கள். துருவிய பக்கத்தில் பழுப்பு வரிகள் நெளிந்து ஓடும். மணமுள்ள எண்ணெய் அந்த வரிகளில்தான் இருக்கிறது. பொடித்து வைத்தால் சீக்கிரம் பறந்துவிடும்.

425 கிராம் பூசணி விழுதுக்கு இந்தக் கலவை 2 தேக்கரண்டி சேருங்கள். ஆல்ஸ்பைஸ் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்.