வெறும் கவுன்சிலர்

கேள்வி: பிரேசிலில் 38 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட மரியேல் பிராங்கோ வெறும் கவுன்சிலர்தானே? ஜனநாயகப் போராளி என்று உலகமே கொண்டாடுவது மிகையில்லையா?

பதில்: இந்த ‘வெறும்’ எம்.எல்.ஏ.வுக்கோ மந்திரிக்கோ விழுவதே இல்லை. நம் வாசகர்கள் அதைச் சிந்தாமல் சேர்த்துவைத்து, கவுன்சிலர் தலையில் மட்டும் கொட்டுகிறார்கள். வாஷிங்டன் விவகாரமெல்லாம் அத்துப்படி. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பதென்று தெரியாது. இந்தப் பக்கத்தின் பழைய சண்டை இது, ஓயப்போவதில்லை.

ரியோ டி ஜெனிரோவில் வார்டே கிடையாது. மொத்த நகரமும் ஒரே தொகுதி, 51 இடங்கள். 2016-ல் முதல்முறை நின்ற மரியேல் வாங்கியது 46,502 ஓட்டு, வேட்பாளர்களில் ஐந்தாமிடம். மாரே குடிசைப் பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண்.

இரவு வேலைக்கும் இரவுப் படிப்புக்கும் போகும் பெற்றோருக்காகக் குழந்தைகள் காப்பகம் கேட்டு மசோதா கொண்டுவந்தார். அதற்கு அவர் வைத்த பெயரில் ஆந்தை இருக்கிறது. இங்கே ஆந்தை அலறினாலே வீட்டுக்கு ஆகாது என்போம். கிளி, மயில் என்று பெயர் வைத்து, மாலை 5 மணிக்குப் பூட்டிவிடுவோம். கிளி எதற்கு ராத்திரி விழித்திருக்க வேண்டும்? அவர் இறந்தபிறகு 2018-லேயே நகர மன்றம் அதை நிறைவேற்றியது.

ஆனால் உயிருக்கு உலைவைத்தது நிலம் என்கிறது குற்றப்பத்திரிகை. ரியோவின் மேற்குப் பகுதியில் ‘மிலிசியா’ கும்பல்கள்: பணியிலுள்ள, ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களே நடத்துபவை. கேஸ் சிலிண்டர், கேபிள், வேன் எல்லாவற்றிலும் வசூல். புறம்போக்கை வளைத்து, மனை பிரித்து, அனுமதியில்லாமல் அடுக்குமாடி எழுப்பி விற்பார்கள். அப்புறம் மன்றத்தில் ஒரு வரன்முறைச் சட்டம் வந்தால் போதும், விலை எகிறிவிடும். மரியேலின் கட்சி அந்த மாதிரிச் சட்டத்தை எதிர்த்தது. அந்தக் கட்டடங்களின் லட்சணத்துக்கு அதே மேற்குப் பகுதியிலுள்ள முசேமா சாட்சி: 2019 ஏப்ரலில் அங்கே இரண்டு கட்டடங்கள் சரிந்து 24 பேர் செத்தார்கள்.

2018 பிப்ரவரியில் ரியோவின் சட்டம்-ஒழுங்கு ராணுவ ஜெனரல் கைக்குப் போனது. அதைக் கண்காணிக்கும் மன்றக் குழுவில் மரியேல் சேர்ந்து இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது. மார்ச் 14 இரவு காரிலேயே சுட்டார்கள். ஓட்டுநர் ஆண்டர்சன் கோமஸும் பலி. சுட்டவன் முன்னாள் போலீஸ்காரன் ரோனி லெசா. 2024-ல் 78 ஆண்டு 9 மாதச் சிறை. ஏவியதாக அதே ஆண்டு கைதான இரண்டு சகோதரர்களில் ஒருவர், மரியேலோடு அதே மன்றத்தில் உட்கார்ந்திருந்த கவுன்சிலர். விசாரணையைத் திசைதிருப்பியதாக அன்றே கைதானவர், கொலைக்கு முந்தின நாள் போலீஸ் தலைமைப் பொறுப்பேற்ற அதிகாரி. மரியேல் குடும்பத்துக்கு நேரில் ஆறுதல் சொன்னவரும் அவர்தான்.