காம்பில் வெடிப்பு, மார்பில் பால்கட்டு: பவுடர் பால் கொடுக்கலாமா?

கேள்வி: முதல் குழந்தை பிறந்து 9 நாள் ஆகிறது. இரண்டு காம்பும் வெடித்துவிட்டன. பால் கொடுக்கும்போது உயிர் போகிறது. இடது மார்பு கல்போல் கட்டியிருக்கிறது. பிறந்தபோது 2.9 கிலோ இருந்த குழந்தை, 4-ம் நாள் 2.7 கிலோ. பால் போதவில்லை, பவுடர் பால் கொடு என்கிறார் மாமியார். என்ன செய்ய?

பதில்: முதல் சில நாட்களில் 200 கிராம், அதாவது 7 சதவீதம் குறைவது இயல்புதான். நாளைக்கே மறுபடி எடை பாருங்கள். 14 நாளுக்குள் 2.9-ஐ எட்ட வேண்டும். தினமும் 6 முறையாவது சிறுநீர் போய், மலமும் மஞ்சளாக மாறியிருந்தால் பால் வயிற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். அழுகையை மட்டும் வைத்துப் பால் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

வெடிப்பு, பால்கட்டு இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது. காம்பு நசுங்குகிறது, பாலும் சரியாக இறங்காமல் தேங்குகிறது.

குழந்தையின் வயிறு உங்கள் உடலோடு ஒட்டியிருக்க, மூக்குக்கு நேராகக் காம்பை வையுங்கள். மேலுதட்டைக் காம்பால் வருடுங்கள். கொட்டாவிபோல் வாய் அகலத் திறந்ததும் குழந்தையை மார்போடு அணையுங்கள், நீங்கள் குனியாதீர்கள். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, கருவட்டம் மேல்பக்கம் மட்டும் சற்றுத் தெரிந்தால் சரி. அரை நிமிடம் தாண்டியும் வலித்தால் இழுக்க வேண்டாம். சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி பிடிக்க வையுங்கள். சரியாகப் பிடித்தும் வலி தொடர்ந்தால் நாக்கின் அடியில் உள்ள சவ்வு நாக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் பார்க்கட்டும்.

இடது மார்பில் கருவட்டமே இறுகியிருப்பதால் குழந்தையால் கவ்வ முடியாது. பாலூட்டும் முன் காம்பைச் சுற்றி விரல்நுனிகளால் நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் அழுத்துங்கள், கொஞ்சம் கையால் பீய்ச்சியும் விடுங்கள். கொடுத்த பின் 10 நிமிடம் குளிர்ந்த துணி வையுங்கள். அழுத்தித் தேய்த்துவிடுவது வேண்டவே வேண்டாம், வீக்கம் கூடும். மல்லிகைப் பூவும் கட்டாதீர்கள். அது பால் வற்றுவதற்குக் கட்டுவது.

வெடிப்பில் உங்கள் பாலையே ஒரு சொட்டுத் தடவி உலர விடுங்கள், சோப்பு போடாதீர்கள். ஒரு பக்கம் தாங்கவே முடியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் (சங்குபோன்ற சிறு கிண்ணம்) கொடுக்கலாம். இரவு உட்பட 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுங்கள். பவுடர் பாலால் வயிறு நிரம்பிய குழந்தை மார்பைக் காலி செய்யாது. காலியாகாத மார்பில் சுரப்பு குறையும். மாமியாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

101 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ, மார்பில் சிவப்போ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், பாலூட்டுவதை நிறுத்தாதீர்கள். எடை ஏறாமல் நின்றாலோ, சிறுநீர் குறைந்து குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். கூடுதல் பால் வேண்டுமா, எவ்வளவு என்பதை அவர் சொல்வார்.