ராஸ்பெரி பைக்கு ஏற்ற ஓடைப் படிப்பான்

வணக்கம். இணையதளங்களின் புதிய பதிவுகளை ஓடைகளாகத் திரட்டி ஓரிடத்தில் படிக்கத் தரும் ஓடைப் படிப்பான்களில், 1 ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் உங்கள் ஒருவருக்காக மினிஃப்ளக்ஸை நிறுவலாமா, ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸை நிறுவலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பரிந்துரை ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். மினிஃப்ளக்ஸ் ‘கோ’ (Go) என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரே கோப்பாக மிக இலகுவாக ஓடும் என்றாலும், அதற்குத் தனிச் சேவையாக ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் கட்டாயம் வேண்டும். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸுக்கு ஒரு கோப்பாகவே இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம் போதும் என்பதால், சேவையை நிறுத்திவிட்டுத் தரவுக் கோப்புறையை நகலெடுத்தாலே காப்பு எடுக்கும் வேலை முடிந்துவிடும். 2013இல் மூடப்பட்ட கூகுள் ரீடர் என்னும் ஓடைப் படிப்பானின் ஏபிஐயை (பிற செயலிகள் அதனோடு பேசும் வழியை) இரண்டுமே ஆதரிப்பதால், கைப்பேசியில் படித்தவை கணினியிலும் படித்தவையாகவே காட்டும்; இந்த ஏற்பாடு இன்றும் உயிரோடிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் ஏபிஐ அணுகலை இயக்கி, அதற்கெனத் தனிக் கடவுச்சொல் இட வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லைக் கைப்பேசிச் செயலியில் கொடுத்தால் உள்நுழைய இயலாது. ஓடைகள் தாமாகப் புதுப்பிக்கப்பட, குறித்த நேரங்களில் தானே இயங்கும் கிரான் பணியையும் மறவாமல் அமையுங்கள்.